நான்காம் பங்கு



காட்பாடி, திருப்பதி, தர்மாவரம் என மூன்று திக்குகளுக்கும் இருப்புப்பாதை பிரிகின்ற ஊர் பாகாலா. அவ்வூரில் நம்மவர் இல்லமொன்றின் திண்ணையில், சென்ற பௌர்ணமி மாலை சிலர் கூடியிருந்தோம். திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி முடிந்தன. நாம் பேசத் தொடங்குமுன்னரே ஓர் அம்மையார் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, எந்த உயிரையும் கொல்லேன் என்று இப்பொழுதுதான் சொன்னோம். என் மகனோ பட்டாளத்தில் சேர வேண்டுமென்று நாள்தோறும் விடியுமுன் எழுந்து தண்டவாளத்து ஓரமாக ஓடுகிறான். நான் அவனைத் தடுக்க வேண்டுமா?"

நாம் விடை கூறுமுன் கல்லூரியில் படிக்கும் இளைஞர் ஒருவர் குறுக்கிட்டார். "அம்மா, ஏழை கட்டும் வரியெல்லாம் பீரங்கிக்கும் விமானத்திற்கும் போகிறது. படைச் செலவைப் பாதியாக வெட்டி, பள்ளிக்கூடத்திற்கும் ஆசுபத்திரிக்கும் கொடுத்துவிட்டால் உங்கள் மகன் இப்படி ஓட வேண்டிய நிலையே வராது" என்றார்.

தூணோரம் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மெல்லச் சொன்னார்: "தம்பி, வெட்டு என்று சொல்வது எளிது. அந்த வெட்டு யார் தலையில் விழும் என்று யோசித்தாயா? எனக்கு வரும் ஓய்வூதியத்தில்தான் என் பேத்தி படிக்கிறாள்."

சகோதரர்களே! மூவரும் நம்மவர். மூவரும் பொய் கூறவில்லை. ஒருவர் சீலத்தை நினைத்துக் கேட்டார். ஒருவர் நியாயத்தை நினைத்துப் பேசினார். ஒருவர் தம் அடுப்பை நினைத்துப் பேசினார். அன்று நாம் கூறிய விடை நமக்கே போதவில்லை. ஆதலின் வீடு திரும்பிப் பகவான் புத்தரின் திருமொழிகளையும் பாபாசாகேப் அம்பேத்கரின் உரையையும் அரசாங்கத்தின் கணக்கையும் எடுத்து வைத்துக்கொண்டு சிந்தித்தோம். அச்சிந்தனையை இங்கே உங்கள் முன் வைக்கின்றோம்.

இல்லறத்தான் கணக்கு

இராசகிருக நகரில் சிகாலன் என்னும் இளைஞன் நனைந்த ஆடையுடன் ஆறு திசைகளையும் வணங்கிக்கொண்டிருந்தான். பகவான் அவனைக் கண்டு, உண்மையான ஆறு திசைகள் தாய் தந்தையர், ஆசிரியர், மனைவி மக்கள், நண்பர், வேலையாட்கள், துறவிகள் ஆகியோரே என்று உணர்த்தினார். அவ்வுபதேசத்தின் இடையில் இல்லறத்தான் தன் வருவாயை எங்ஙனம் பங்கிட வேண்டும் என்பதையும் சொன்னார். வருவாயை நான்காகப் பிரி. ஒரு பங்கைத் துய். இரு பங்கைத் தொழிலில் இடு. நான்காம் பங்கை இடர் வரும் நாளுக்கென வைத்திரு என்பது அதன் கருத்து.

இதனை நாம் பலமுறை ஓதியிருக்கிறோம். ஆயினும் பாகாலாத் திண்ணையில் எழுந்த கேள்விக்குப் பிறகே இதன் ஆழம் நமக்குப் புலப்பட்டது. இடருக்கென ஒன்றுமே வைக்க வேண்டா என்று பகவான் கூறவில்லை. இடர் வரும், அதற்கென ஒதுக்காதவன் மூடன். ஆனால் பிழைப்பை வளர்க்கும் தொழிலுக்கு இரு பங்கு, இடருக்கு ஒரு பங்கு. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். வீட்டுக்குப் பெரிய பூட்டு வாங்குவதற்காக விதை நெல்லை விற்பவனை நாம் அறிவுடையவன் என்று சொல்வதில்லை.

இன்னொன்றும் உண்டு. இடர் என்பது பகைவன் மட்டும் அன்று. நோயும் இடர், வறட்சியும் இடர், வேலை போவதும் இடர். ஆகவே நான்காம் பங்கு முழுவதையும் வாளுக்கே கொடுத்துவிடுதல் தம்மம் ஆகாது. ஒரு வீட்டுக்குரிய இக்கணக்கை அப்படியே ஒரு நாட்டின் மேல் வைத்து எண்ணிப் பார்க்க இயலாதென்பதை நாம் அறிவோம். எண் மாறலாம், வரிசை மாறலாகாது என்பதே நம் துணிபு.

அரசனும் படையும்

இனி, கொல்லாமையைப் போதித்த பகவான் அரசர்களிடம் படையைக் கலைத்துவிடுக என்று சொன்னாரா என்று பார்ப்போம். மகத நாட்டு எல்லையில் கலகம் மூண்டபோது, போருக்குப் போக விரும்பாத வீரர் சிலர் சங்கத்தில் சேர்ந்து துறவியராயினர். மன்னன் பிம்பிசாரன் வந்து முறையிட்டான். அரச சேவையில் இருப்பவரைச் சங்கத்தில் சேர்த்தலாகாது என்று பகவான் விதி செய்தார். படையைக் கலைக்கச் சொல்லவுமில்லை, போர்க்களத்தை வாழ்த்தவுமில்லை.

வாழ்த்தவில்லை என்பதற்கும் சான்றுண்டு. போர்வீரர் தலைவன் ஒருவன் வந்து, போரில் மடிந்தவன் தேவலோகம் புகுவான் என்று முன்னோர் சொல்கிறார்களே, தாங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டான். பகவான், இதைக் கேளாதே என்றார். இரண்டாம் முறையும் அவ்வாறே சொன்னார். மூன்றாம் முறை கேட்டபோதுதான், இவர்கள் அழிய வேண்டும் என்னும் வெறுப்போடு போரிட்டு மடிபவன் தீய கதியையே அடைவான் என்று கூறினார். அவன் அழுதான். இதனை மறைத்து, பட்டாளம் போவதும் தம்மமே என்று இனிப்பாகப் பேச நமக்கு உரிமையில்லை.

ஆனால் நாட்டின் பொருளை எதற்குச் செலவிடுவது என்னும் கேள்விக்குப் பகவான் நேரான விடை தந்திருக்கிறார். தீக நிகாயத்தில் சக்கரவர்த்தி சிங்கநாத சுத்தம் என்றொன்று உண்டு. அறவழியில் ஆண்ட பேரரசர் பலருக்குப் பின் ஒருவன் அரசனானான். அவன் கெட்டவன் அல்லன். குடிகளுக்குக் காவல், கட்டு, பாதுகாப்பு எல்லாம் முறையாகச் செய்தான். ஒன்றைமட்டும் செய்யவில்லை. பொருளற்றவர்க்குப் பொருள் கொடுக்கவில்லை. அதனால் வறுமை பெருகியது. வறுமையால் திருட்டு பிறந்தது. திருடியவன் தலையை அரசன் வெட்டினான். அதைக் கண்ட மக்களும் கூரிய வாள்களைச் செய்துகொண்டார்கள். கொலை பெருகியது, பொய் பெருகியது, மனிதரின் ஆயுளே தேய்ந்தது.

சகோதரிகளே, இக்கதையை மீண்டும் நினைத்துப் பாருங்கள். பாதுகாப்பு செய்த அரசன் நாட்டில்தான் பாதுகாப்பு அழிந்தது. காவலை அவன் குறைக்கவில்லை. வறியவர்க்குரிய பங்கை மறந்தான். வாள் பிறந்தது பகைவன் நாட்டில் அன்று, பசித்தவன் வீட்டில்.

இதன் மறுபக்கம் கூடதந்த சுத்தத்தில் இருக்கிறது. மகாவிஜிதன் என்னும் மன்னன் பெருவேள்வி செய்ய விரும்பினான். அவன் புரோகிதர் தடுத்துச் சொன்னார்: நாட்டில் கொள்ளையர் மிகுந்துள்ளனர், கொன்றும் கட்டியும் அவர்களை ஒழிக்க முடியாது, எஞ்சியவர் மீண்டும் எழுவர், ஆகவே உழவர்க்கு விதையும் தீவனமும், வணிகர்க்கு முதலும், அரசு ஊழியர்க்கு உணவும் கூலியும் கொடுங்கள் என்று. மன்னன் அவ்வாறே செய்தான். குடிகள் தத்தம் தொழிலில் ஈடுபட்டனர். அரசனுக்கு வருவாய் உயர்ந்தது. மக்கள் குழந்தைகளை மார்பில் ஏந்தி ஆடவைத்து, கதவைத் தாழிடாமல் வாழ்ந்தனர். தாழிடாத கதவே ஒரு நாட்டின் உண்மையான பாதுகாப்பு என்பது இதன் பொருள்.

பாபாசாகேப் கேட்ட கணக்கு

நிற்க. இவை பழங்காலக் கதைகள், இக்காலத்திற்குப் பொருந்துமா என்று நம் கல்லூரி இளைஞர் கேட்கக்கூடும். ஆதலின் நம் காலத்து வழிகாட்டியிடம் வருவோம்.

பாபாசாகேப் அம்பேத்கர் 1891-ஆம் ஆண்டு மௌ என்னும் இராணுவக் குடியிருப்பில் பிறந்தார். அவர் தந்தையார் இராம்ஜி சக்பால் படையில் சுபேதாராகவும் படைப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். ஊர்ப் பள்ளியின் வாசல் நம்மவர்க்கு அடைபட்டிருந்த நாளில் படைவீட்டுப் பள்ளி எழுத்தைக் கற்பித்தது. பிரிட்டிஷ் அரசு 1890-களின் தொடக்கத்தில் மகார் மக்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தியபோது அச்சமூகம் பிழைப்பை மட்டும் இழக்கவில்லை. எழுத்தையும் மதிப்பையும் அடையும் ஒரு வாயிலையே இழந்தது. அதனால்தான் அவ்வாயில் மீண்டும் திறக்கப் பாபாசாகேப் வாதாடினார். 1941-ல் மகார் படைப்பிரிவு அமைந்தது. திண்ணையில் பெரியவர் தம் பேத்தியின் படிப்பைச் சொன்னபோது நமக்கு நினைவு வந்தது இதுவே.

அத்தகைய குடும்பத்தில் பிறந்தவரே, 1951-ல் மத்திய அமைச்சர் பதவியைத் துறந்தபோது வெளியிட்ட அறிக்கையில் படைச் செலவைக் கணக்கிட்டுக் காட்டினார். நாம் ஆண்டுதோறும் திரட்டும் வருவாய் 350 கோடி ரூபாய். அதில் ஏறக்குறைய 180 கோடி படைக்கே போகிறது என்றார். அதாவது பாதிக்கு மேல். இத்தகைய பெருஞ்செலவுக்குக் காரணம் என்னவென்றும் அவர் கேட்டார். நம் வெளியுறவுக் கொள்கை நமக்கு நண்பரைத் தேடித் தரவில்லை. காஷ்மீரச் சிக்கல் தீரவில்லை. ஆதலின் முழுச்சுமையையும் நாமே சுமக்கிறோம் என்பது அவர் வாதம்.

அவர் காட்டிய காரணத்தை ஏற்பவரும் உளர், மறுப்பவரும் உளர். ஆனால் அவர் கேள்வி கேட்ட முறையை நாம் கற்க வேண்டும். படையே வேண்டா என்று அவர் சொல்லவில்லை. படையைப் பற்றிக் கேள்வியே கேட்கலாகாது என்று வாயை மூடவுமில்லை. இவ்வளவு படை ஏன் தேவைப்படுகிறது, அத்தேவையைக் குறைக்கும் வழி யாது என்று கேட்டார். படைச் செலவைக் கேட்பவன் நாட்டுக்குப் பகைவன் என்று எவரேனும் சொன்னால், அரசியலமைப்பை வரைந்தவரே கேட்டிருக்கிறார் என்று நாம் பணிவோடு சொல்லலாம்.

இன்றைய கணக்கு

இன்றைய எண்களையும் பார்ப்போம். 2025-26-ஆம் ஆண்டுக்கு மத்திய அரசு வகுத்த வரவு செலவுத் திட்டத்தில் மொத்தச் செலவு 50,65,345 கோடி ரூபாய். இதில் பாதுகாப்பு அமைச்சகத்திற்கு 6,81,210 கோடி. கல்வி அமைச்சகத்திற்கு 1,28,650 கோடி. நல்வாழ்வு அமைச்சகத்திற்கு ஏறக்குறைய 99,859 கோடி. நூறு ரூபாயாக எண்ணினால், படைக்குப் பதின்மூன்றரை ரூபாய், கல்விக்கு இரண்டரை ரூபாய், மருத்துவத்திற்கு இரண்டு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அரசு வாங்கிய கடனுக்கு வட்டியாகவே நூற்றுக்கு இருபத்தைந்து ரூபாய் போகிறது என்பதையும் மறக்கலாகாது.

எண்ணை எடுத்தவன் நேர்மையோடு எடுக்க வேண்டும். பொய்யுரையாமையும் நம் சீலமே. பள்ளிக்கூடத்தையும் ஆசுபத்திரியையும் பெரும்பாலும் மாநில அரசுகளே நடத்துகின்றன. படையோ முழுவதும் மத்திய அரசின் பொறுப்பு. ஆகவே இந்த இரண்டு எண்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, பார்த்தீர்களா என்று கூவுவது சரியான எடை ஆகாது. மாநிலங்களின் செலவையும் சேர்த்தால் கல்வியின் பங்கு கூடும். எனினும், அதைச் சேர்த்த பிறகும் நம் சிற்றூர்ப் பள்ளியில் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருக்கிறாரா, நள்ளிரவில் பிரசவ வலி கண்டால் பக்கத்தில் மருத்துவர் கிடைப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். எண் எதைச் சொன்னாலும் திண்ணைக்கு விடை தெரியும்.

எதிர்ப்பக்கத்து வாதத்தையும் நாம் கேட்க வேண்டும். 1962-ல் சீனாவுடன் போர் மூண்டபோது, போதிய குளிராடையும் தக்க துப்பாக்கியும் இன்றி நம் சிப்பாய்கள் பனிமலையில் நின்றார்கள். அதன்பின் படைச் செலவு பெரிதும் உயர்ந்தது. 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் பகல்காமில் அப்பாவி மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். மே 7 முதல் 10 வரை எல்லையில் ஏவுகணைகள் பறந்தன. நாட்டின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு மூன்று பங்கு படைக்கு வேண்டும் என்போர் இவற்றையே காட்டுகின்றனர். அவர்கள் அச்சம் பொய்யன்று. கண்மூடி வெட்டினால், பனியில் சாகப்போகிறவன் வெட்டியவன் மகன் அல்லன். விடியுமுன் தண்டவாளத்தோரம் ஓடுகிறவனே.

வெட்டு விழும் இடம்

இங்கே நம் வாழ்வில் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் இளமையில் ஒரு நூற்பாலையில் பதிலித் தொழிலாளியாகச் சேர்ந்தோம். பதிலி என்றால், நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவனிடத்தில் நிற்பவன். ஒவ்வொரு ஷிப்டுக்கும் வாசலில் காத்திருந்து, மேஸ்திரி பெயரைக் கூப்பிட்டால் உள்ளே போவோம். கூப்பிடாவிட்டால் சோற்றுத் தூக்கோடு வீடு திரும்புவோம். பல ஆண்டு அலைந்த பின்பே ரிங் பிரேமில் நிரந்தர இடம் கிடைத்தது.

ஒரு காலத்தில் ஆலைக்கு நட்டம் என்றார்கள். சிக்கனம் வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். நட்டம் உண்மையாகவே இருந்திருக்கலாம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிக்கனம் எங்கே தொடங்கியது தெரியுமா? முதலில் பதிலிகளுக்கு வேலை நின்றது. பிறகு கேண்டீனில் மோர் நின்றது. பிறகு இரவு ஷிப்டு நின்றது. நாமும் வெளியே வந்தோம். மேலிருந்தவர்களின் பங்களாவிலும் காரிலும் ஒரு குறையும் நாம் காணவில்லை. அன்று முதல் சிக்கனம் என்னும் சொல்லைக் கேட்கும்போதெல்லாம், அது எந்தப் படியிலிருந்து தொடங்குகிறது என்று கேட்பது நம் வழக்கமாயிற்று. வேலையற்ற அந்நாட்களில்தான் ஒரு தோழர் கொடுத்த பாபாசாகேபின் நூலைப் படித்தோம் என்பது வேறு கதை.

2022-ஆம் ஆண்டு ஜூன் 14 அன்று மத்திய அரசு அக்னிபத் திட்டத்தை அறிவித்தது. படையில் சிப்பாயாகச் சேரும் இளைஞனுக்கு நான்கு ஆண்டுகளே பணி. நால்வரில் ஒருவர் வரையே அதன்பின் நிலையாக வைத்துக்கொள்ளப்படுவார். முதலாண்டில் மாதச் சம்பளம் 30,000 ரூபாய்; அதிலிருந்து ஒரு பகுதியைப் பிடித்து, அரசும் அவ்வளவு போட்டு, வெளியேறும்போது ஏறக்குறைய 11.71 இலட்சம் ரூபாய் தருவர். வெளியேறுபவருக்கு ஓய்வூதியம் கிடையாது, பணிக்கொடையும் கிடையாது. படையை இளமையாக வைக்கவே இத்திட்டம் என்றது அரசு. வளர்ந்துகொண்டே போகும் ஓய்வூதியச் செலவைக் குறைக்கவே இது என்றனர் மறுப்போர். நாடெங்கும் இளைஞர் கொதித்தெழுந்தனர். ஜூன் 17 அன்று செகந்திராபாத் இரயில் நிலையத்தில் காவலர் சுட்டதில் ஓர் இளைஞர் உயிரிழந்தார்.

ஓய்வூதியச் சுமை சிறிதன்று. 2025-26-ன் பாதுகாப்புச் செலவான 6,81,210 கோடியில் ஓய்வூதியம் மட்டும் 1,60,795 கோடி. புதிய விமானம், கப்பல், தளவாடம் முதலானவற்றுக்கான மூலதனச் செலவு 1,80,000 கோடி. இரண்டும் ஏறக்குறைய அருகருகே நிற்கின்றன. இதனைக் குறைக்க வேண்டும் என்று கணக்குப் பார்ப்பவர் எண்ணுவது இயல்பே. ஆனால் ஆலைவாசலில் நின்ற நமக்கு ஒன்று தெரிகிறது. நான்காண்டுச் சிப்பாய் நாட்டின் பதிலித் தொழிலாளி. படைச் செலவைக் குறையுங்கள் என்று நாம் நல்லெண்ணத்தோடு கூவினால், வெட்டு விலையுயர்ந்த விமானத்தில் விழுமா, பெரியவரின் பேத்தி படிக்கும் பணத்தில் விழுமா? கேள்வியைத் தெளிவாகக் கேளாதவன் விரும்பாத விடையைப் பெறுவான்.

இலங்கை நமக்குக் காட்டுவது

அயல்நாட்டையும் நோக்குவோம். கோஸ்டாரிகா என்னும் சிறு நாட்டில் உள்நாட்டுப் போர் முடிந்தபின், 1948 டிசம்பர் 1 அன்று ஹோசே பிகரெஸ் என்னும் தலைவர் ஒரு சுத்தியலை எடுத்துப் படைவீட்டின் சுவரில் அடித்து, இனி இந்நாட்டுக்கு நிலைப்படை இல்லை என்று அறிவித்தார். மறு ஆண்டு அதுவே அரசியல் சட்டமாயிற்று. அப்படைவீடு அருங்காட்சியகமாயிற்று. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு மன்னனிடம் வேண்டிய நம் மணிமேகலையை இது நினைவூட்டுகிறது. அந்நாட்டின் எல்லை வேறு, நம் எல்லை வேறு; ஆயினும் கட்டடம் ஒன்றே, அதன் பயனை மாற்றலாம் என்பது அங்கே மெய்யாயிற்று.

இலங்கையைப் பற்றிப் பேசுவது நமக்குத் துன்பமானது. பௌத்தத்திற்கு முதன்மை இடம் தரும் அரசியல் சட்டம் உடைய நாடு அது. அந்நாட்டில் 2009 மே மாதம் முடிந்த போரில் பல்லாயிரம் தமிழ் மக்கள் மாண்டனர். நீங்கள் தமிழராயிருந்தும் பௌத்தரானீர்களே என்று நம்மைக் கேட்பவர் உளர். நாம் பௌத்தரானது புத்தரிடம்; எந்த அரசிடமும் அன்று. தம்மத்தின் பெயரைச் சுவரில் எழுதிவிட்டு வாளைக் கையிலெடுப்பவரைத் தம்மமே தீர்ப்பளிக்கும்.

போர் முடிந்து பதின்மூன்று ஆண்டு கழிந்தும் அந்நாட்டுப் படை சுருங்கவில்லை. 2022 ஏப்ரலில் அயல்நாட்டுக் கடனைத் திருப்பித் தர இயலாதென்று அரசு அறிவித்தது. சிங்களரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வரிசையில் எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் நின்றனர். அந்நிலையிலும் 2023-ஆம் ஆண்டுத் திட்டத்தில் பாதுகாப்புக்கும் பொதுமக்கள் பாதுகாப்புக்கும் சேர்த்து 53,900 கோடி இலங்கை ரூபாயும், நல்வாழ்வுக்கு 32,200 கோடியும் ஒதுக்கினர். நாடெங்கும் வாதம் எழுந்தது. 2023 ஜனவரியில் அரசு ஓர் அறிவிப்புச் செய்தது: 2,00,783 பேர் என்று வகுத்திருந்த தரைப்படையை 2024-க்குள் 1,35,000 ஆகவும், 2030-க்குள் 1,00,000 ஆகவும் குறைப்பது என்று.

இதில் நாம் மகிழலாமா? குறைத்தல் நன்றே. ஆனால் அங்கும் சிப்பாய்களாயிருப்பவர் சிற்றூர் ஏழைகளின் மக்கள். அவர்களுக்கு விதையும் முதலும் கூலியும் தராமல் வாசலைமட்டும் காட்டினால், சக்கரவர்த்தி சுத்தத்தின் கதையே மீண்டும் நடக்கும். நாம் அவர்களுக்கும் மைத்ரி செலுத்துவோம். நம்மை அழித்த படையில் நின்றவன் மகனுக்கும் பசி உண்டு என்று எண்ணுதல் கடினம். கடினமாயிருப்பதனாலேயே அதைச் சீலம் என்கிறோம்.

வஜ்ஜியரின் அரண்

மகத மன்னன் அஜாதசத்துரு வஜ்ஜி நாட்டை வெல்ல எண்ணி, அமைச்சன் வஸ்ஸகாரனைப் பகவானிடம் அனுப்பினான். பகவான் வஜ்ஜியரின் யானைகளையும் குதிரைகளையும் எண்ணவில்லை. அவர்கள் அடிக்கடி கூடுகிறார்களா, ஒற்றுமையாகக் கூடி ஒற்றுமையாகக் கலைகிறார்களா, முதியோரை மதிக்கிறார்களா, பெண்களை வன்முறையாகக் கவராதிருக்கிறார்களா என்று ஆனந்தரைக் கேட்டார். இவை உள்ளவரை அவர்கள் வளர்வார்களேயன்றித் தாழமாட்டார்கள் என்றார். கலிங்கப் போரில் ஓரிலட்சம் பேர் மாண்டதைக் கண்டு மனம் மாறிய அசோக மன்னரும் படையைக் கலைக்கவில்லை. ஆயினும் மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம், வழியோரம் கிணறு, நிழல்மரம் என்று தம் பொருளைத் திருப்பினார். ஆந்திர நாட்டின் எர்ரகுடிப் பாறையில் அவர் சாசனங்களை இன்றும் காணலாம்.

சேரிக்கும் ஊருக்கும் இடையே சுவர் இருக்கும் நாடு, எல்லையில் எத்தனை சுவர் கட்டினாலும் வஜ்ஜி நாடு ஆகாது. ஒருவன் குடிக்கும் கிண்ணத்தை மற்றவன் தீண்டாத நாட்டில் ஒற்றுமையாகக் கூடுதல் எங்கே? சாதியை ஒழிப்பதும் நாட்டுப் பாதுகாப்புச் செலவே. அதற்கு ஒதுக்கிய தொகை போதுமா என்று கேட்பதும் பாதுகாப்பைப் பற்றிய கேள்வியே.

மூவருக்கும் விடை

இப்பொழுது பாகாலாத் திண்ணைக்குத் திரும்புவோம்.

கல்லூரித் தம்பிக்கு: உம் சினம் நியாயமானது, உம் வாளை மட்டும் கொஞ்சம் கூர்மையாக்கிக்கொள்ளும். பாதியை வெட்டு என்னாதீர். எந்தத் தளவாடம் எவ்வளவு விலைக்கு வாங்கப்பட்டது, அவ்விலை நியாயமா, பகையைக் குறைக்க எவ்வளவு முயற்சி நடந்தது என்று கேளும். சிப்பாயின் ஓய்வூதியத்தைக் கடைசியில் தொடுக என்று சொல்லும். படையில் மிச்சமாகும் ஒவ்வொரு ரூபாயும் எந்தப் பள்ளிக்குப் போயிற்று என்று கணக்குக் கேட்டுப் பெறும். கேளாவிட்டால் அது வட்டியிலோ விளம்பரத்திலோ கரைந்துவிடும்.

பெரியவருக்கு: ஐயா, உங்கள் ஓய்வூதியம் பிச்சையன்று, உழைத்த கூலி. அதைக் காக்க நாங்கள் உங்களோடு நிற்போம். ஆனால் உங்கள் பேத்தியின் பேரனும் பட்டாளத்துக்குப் போனால்தான் படிக்க முடியும் என்ற நிலை தொடர வேண்டா என்பதில் நீங்களும் எங்களோடு நில்லுங்கள்.

அம்மையாருக்கு: அம்மா, உங்கள் மகனை நாம் தடுக்கச் சொல்லமாட்டோம், வாழ்த்தி அனுப்பவும் நாவெழவில்லை. ஆயுத வாணிகத்தை உபாசகர்க்கு ஆகாதென விலக்கிய பகவான், போர்வீரனைக் கேளாதே என்று இருமுறை தடுத்த பகவான், அந்த வீரனை விரட்டிவிடவில்லை. உண்மையைச் சொல்லி, தம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். உங்கள் மகனிடமும் உண்மையைச் சொல்லுங்கள். எவரையும் வெறுத்து ஆயுதம் எடுக்காதே, எளியவரைத் துன்புறுத்தும் ஆணைக்கு உடன்படாதே, நான்காண்டு கழித்து வெளியே வந்தால் பிழைக்க ஒரு தொழிலையும் கற்றுக்கொள் என்று சொல்லுங்கள். அவன் ஓடுவது போரை நோக்கி அன்று, சம்பளத்தை நோக்கி என்பதை நாம் அறிவோம். அவன்மேல் குறையில்லை. அவன் ஓடுவதற்கு அந்த ஒரு பாதையைத் தவிர வேறு பாதை போடாத நம் அனைவர்மேலும் குறையுண்டு.

ஆதலின் பாகாலாவில் கூடுவோரும் மற்ற ஊர்களில் இதனைப் படிப்போரும் மூன்று செயல்களை மேற்கொள்வோமாக. முதலாவது, ஒவ்வோர் இல்லத்திலும் நான்கு பங்குக் கணக்கு எழுதுவோம். மதுவுக்குப் போகும் பங்கை அதில் மறைக்காமல் எழுதுவோம். தன் வீட்டுக் கணக்கைப் பார்க்க அஞ்சுபவன் நாட்டுக் கணக்கைக் கேட்கத் துணியான். இரண்டாவது, ஆண்டுதோறும் மத்திய அரசும் மாநில அரசும் வரவு செலவுத் திட்டம் வெளியிட்டபின் வரும் பௌர்ணமியில், அதில் நூறு ரூபாய் எங்கெங்கே போகிறது என்று ஒருவர் படித்துச் சொல்ல, மற்றவர் கேட்போம். கேட்டதைக் கிராம சபையில் எழுந்து நின்று கேள்வியாக்குவோம். மூன்றாவது, விடியுமுன் ஓடும் பிள்ளைகளை மாலையில் அழைத்து, படித்தவர் அவர்களுக்குக் கணக்கும் ஆங்கிலமும் கற்பிப்போம். ஓட்டத்தில் தேறாதவனுக்கும் அது உதவும், தேறித் திரும்பியவனுக்கும் உதவும். கல்லூரித் தம்பி அன்றே இதற்கு இசைந்தார். பெரியவர் தம் திண்ணையைத் தருவதாகச் சொன்னார்.

கூட்டம் கலைந்தபின் அந்த அம்மையார் நம்மிடம் வந்து, "நாளைக்கும் அவன் ஓடத்தான் போகிறான், ஐயா" என்றார். ஓடட்டும் அம்மா, மாலையில் வரச் சொல்லுங்கள் என்றோம்.

நமோ புத்தாய!